ஒரு மணி நேரத் தூரத்தில் புது முகம்

தன் தோற்றம் பிடிக்காதவருக்குப் பிளாஸ்டிக் சர்ஜன் என்ன செய்ய முடியும்? ஓசூரில் இருந்துகொண்டு கேட்டால், இது இரண்டு கேள்வி: ஒன்று காயம்பட்டவருடையது, மற்றது கண்ணாடி பார்த்துக் கவலைப்படுபவருடையது.

2023 அக்டோபரில் ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு எரிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். அப்படியொரு தீயில் பிழைப்பவருக்கும், பிரஸ் மெஷினில் விரலைப் பறிகொடுத்த சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கும் குறை கற்பனையல்ல. சுருங்கிய தோல் கழுத்தைத் திருப்பவிடாது. இங்கே சர்ஜனுக்கு மாற்று கிடையாது. இந்தக் கலையின் புகழ்பெற்ற கதையே இந்த வட்டாரத்தையும் சுழற்றியடித்த மைசூர்ப் போரில்தான் பிறந்தது. 1792இல் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கறுபட்ட மாட்டுவண்டிக்காரர் கவாஸ்ஜிக்குப் புனே பக்கம் நெற்றித் தோலெடுத்து மூக்கு வைத்தார்கள். 1794இல் லண்டன் பத்திரிகையொன்றில் அதைப் படித்துத்தான் ஆங்கிலேய மருத்துவர்கள் பாடம் கற்றார்கள்.

இரண்டாவது கேள்விதான் சிக்கல். பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையை நாளெல்லாம் கண்ணாடியில் தேடும் மனநோய் ஒன்று உண்டு. பொதுமக்களில் ஏறத்தாழ 2 சதவீதம் பேருக்கு இருப்பது, அழகு சிகிச்சைக்கு வருவோரிடம் இன்னும் கூடுதல். மூக்கைத் திருத்தினால் கவலை தாடைக்கு நகரும். பெரும்பாலோருக்கு அறுவையால் நோய் தீர்வதில்லை.

2018இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மார்பக அழகு அறுவையை இலவசமாக்கியது. ஏழைகள் கடன் வாங்கி ஆபத்தான வழிக்குப் போகக்கூடாது என்றது அரசு. தொற்றுநோய்க்குச் செலவழிக்கலாமே என்றனர் எதிர்ப்பாளர்கள். கனத்த மார்பால் முதுகு வலிக்கும் பெண்ணை மறந்த வாதம் அது. ஆனால் அரசின் வாதமும் பாதிதான் சரி: இலவசம் விலையைத் தீர்க்கும், யாருக்குத் தேவை என்பதைத் தீர்க்காது. காசு இருந்தாலும் ஆபத்து விலகுவதில்லை. 2022இல் பெங்களூருவில் கொழுப்பு நீக்க அறுவைக்குப் போன 21 வயது நடிகை உயிரிழந்தார்.

சில தோற்றக் குறைகளைத் தடுக்கச் சர்ஜனே தேவையில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் பலரை வாய்விட்டுச் சிரிக்கவிடாமல் செய்த பற்கறைக்குக் காரணம் நிலத்தடி நீரின் புளோரைடு. அடுத்த தலைமுறைக்கு அதைத் தடுக்கும் வழி, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீராகக் குழாயில் வந்தது; கிளினிக்கில் அல்ல.

ஆகவே என் தீர்ப்பு: காயத்துக்குச் சர்ஜன் முதல் மருத்துவர், மனக்குறைக்கு அவர் கடைசி மருத்துவர், அதுவும் மனநல மருத்துவர் பார்த்த பிறகு. சிகிச்சைக்காக ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள பெங்களூருவுக்குப் பஸ் ஏறுகிறவர் விலையைக் கேட்கும் முன் ஒன்று கேட்கட்டும்: “டாக்டர், யாருக்கெல்லாம் இந்த ஆபரேஷனை மறுத்திருக்கிறீர்கள்?” பதில் இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம்.