பேரமும் முகதாட்சண்யமும்

அமெரிக்க நாட்டின் சிற்றூர் ஒன்றில், தந்தைக்குப் பின் மகன் என்று ஒரே குடும்பத்தார் நடத்திவரும் துப்பாக்கிக் கடைக்குள் சனிக்கிழமை காலையில் நுழைகிறவன், சுவரோரம் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் வேட்டைத் துப்பாக்கிகளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் கைத்துப்பாக்கிகளையும் காண்பதற்கு முன்பே, அங்கே நடந்துகொண்டிருக்கும் சம்பாஷணையைத்தான் முதலில் கேட்பான். மான் வேட்டைப் பருவத்தைப் பற்றியும், சிக்கிக்கொள்ளும் விசையைப் பற்றியும், ஊர்க் காரியங்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிற இருவரில் விற்பவர் யார், வாங்குபவர் யார் என்பது சிறிது நேரம் புலப்படாது. நெடுநேரம் சென்ற பின்னரே ஒருவர் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, “வரியெல்லாம் உள்பட, ரொக்கமாகக் கொடுத்தால், முடிவாக என்ன விலை?” என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் காட்டிலும் அதற்கு முன் நடந்த பேச்சே ஆராயத்தக்கது என்பது என் அபிப்பிராயம்.

ஒரே விலை என்னும் வழக்கத்தை உலகுக்குப் பழக்கிய நாடுகளுள் அமெரிக்கா முக்கியமானது. கேட்கும் விலை ஒன்றும் பெறச் சம்மதிக்கும் விலை வேறொன்றுமாக இருப்பது பொய் சொல்வதற்கு ஒப்பாகும் என்று குவேக்கர் சமயத்தார் பதினேழாம் நூற்றாண்டிலேயே கருதினர். பிற்காலத்தில் நியூயார்க்கில் ஏ. டி. ஸ்டூவர்ட்டும், பிலடெல்பியாவில் 1876-ல் தம் பெருங்கடையைத் திறந்த ஜான் வானமேக்கரும் அதே கொள்கையைப் பெருவியாபாரத்தின் அஸ்திவாரமாகவே ஆக்கினர். அரிசி, துணி, மருந்து என்று எதற்கும் பேரம் பேசாத அந்த மக்கள், வீட்டுக்கும் மோட்டார் காருக்கும் பழைய சாமான்களுக்கும் துப்பாக்கிக்கும் மட்டும் இன்றும் பேரம் பேசுகிறார்கள்.

புதிய துப்பாக்கியில் பேரத்துக்கு இடம் மிகக் குறைவு. தொழிற்சாலை பரிந்துரைக்கும் விலை ஒன்று உண்டு. அதற்குக் கீழே பல கடைகள் எந்த விலைக்கு விற்கின்றன என்பதை வாங்குகிறவன் கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிறான். இவற்றுக்கிடையே கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபமோ சொற்பம். ஆகவே புதுச் சரக்கின் விலையில் பெரிய வெட்டு வெட்டச் சொல்லி வற்புறுத்துகிறவன், கடைக்காரரின் கொள்முதலையே தள்ளுபடியாகக் கேட்கிறவன் ஆவான். அனுபவமுள்ள வாடிக்கைக்காரர்கள் இதை அறிந்தவர்களாதலால், விலையைக் குறைக்கச் சொல்லாமல் தோள்வார் ஒன்றையோ, தோட்டாப் பெட்டி ஒன்றையோ, தொலைநோக்கிக் கண்ணாடியைக் கூலியின்றிப் பொருத்தித் தருவதையோ கேட்பார்கள். உபகரணங்களில் லாபம் அதிகமாதலால், கடைக்காரரும் அவற்றை மனம் கோணாமல் கொடுப்பார்.

பழைய துப்பாக்கியின் காரியம் வேறு. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஒன்றின் குழலுக்குள் துரு ஏறியிருக்கும். மற்றொன்றின் நீலப்பூச்சைப் பிற்காலத்தில் யாரோ புதுப்பித்திருப்பார்கள். இன்னொன்றின் கட்டையில் மயிரிழை போன்ற பிளவு ஓடும். ‘புளூ புக் ஆஃப் கன் வேல்யூஸ்’ என்னும் விலைநூல், நிலைமைக்குத் தக்கபடி நூற்றுக்கு இத்தனை என்று விலை குறித்துத் தந்தாலும், இந்தத் துப்பாக்கியின் நிலைமை எது என்பதை அந்த நூல் சொல்லாது. வெளிச்சத்தில் குழலைத் தூக்கிப் பார்க்கிற இரண்டு ஜோடிக் கண்கள்தாம் சொல்ல வேண்டும். அங்கே பேரம் என்பது ரசனையின் தர்க்கமாகிறது. குறையைச் சுட்டுகிறவன் விலையைக் குறைக்கிறான். அதே சமயம் தனக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறான். எதிரே நிற்பவர் பத்து நிமிஷத்தில், இவன் துப்பாக்கியைக் கையாளத் தெரிந்தவனா, குழலை யாருக்கும் நேராக நீட்டாத பழக்கமுள்ளவனா, எதற்காக வாங்க வந்தான் என்பவற்றையெல்லாம் ஓரளவு அறிந்துகொள்கிறார். அச்சிட்ட விலைச்சீட்டு ஒருபோதும் செய்ய முடியாத காரியம் இது.

இந்த அறிமுகம் இல்லாவிடில் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரம் ஒரு கொடிய உதாரணத்தை வைத்திருக்கிறது. 1963-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பொய்ப்பெயர் ஒன்றில், சிகாகோ நகரத்துக் கடை ஒன்றுக்குத் தபாலில் எழுதி, தொலைநோக்கியோடு கூடிய இத்தாலிய ராணுவ ரைபிள் ஒன்றை 19 டாலர் 95 சென்டுக்கும், அஞ்சற்கூலி ஒன்றரை டாலருக்கும் ஒருவன் வரவழைத்தான். விற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. அவன் குரலைக் கேட்டதில்லை. விலையைக் குறித்து ஒரு வார்த்தை பேச நேர்ந்ததில்லை. அந்த ஆண்டு நவம்பரில் டாலஸ் நகரத்தில் ஜனாதிபதி கென்னடி அந்த ரைபிளால் கொல்லப்பட்டார். பின்னர் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் பலியான 1968-ஆம் ஆண்டில்தான், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்து வீட்டு வாசலுக்குத் தபாலில் நேரே துப்பாக்கி அனுப்புவதைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அதனால்தான் இன்று இணையத்தில் எங்கே மலிவாக வாங்கினாலும், அந்தத் துப்பாக்கி உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரிடம் வந்து சேர வேண்டியதாயிருக்கிறது. வாங்குகிறவன் அங்கே நேரில் சென்று, 4473 என்று எண்ணிட்ட படிவத்தில் கையெழுத்திட்டு, 1998 முதல் நடைமுறையில் இருக்கும் பின்னணி விசாரணையில் தேறிய பிறகே பொருளைப் பெறலாம். கடைக்காரருக்கு ஒரு சிறு கட்டணம் கிடைக்கும்.

உள்ளூர்க் கடைக்காரரின் மனத்தாங்கல் இங்கேதான் பிறக்கிறது. அவர் கடையில் துப்பாக்கியைக் கையிலெடுத்துப் பார்த்து, அவருடைய அறிவை அரைமணி நேரம் கேட்டுக்கொண்டு, பிறகு முப்பது டாலர் மிச்சத்துக்காக வெளியூரில் வாங்கி, அதைப் பெற்றுத் தரும் எழுத்து வேலைக்கு மட்டும் அவரிடமே வந்து நிற்கிறவன் சட்டப்படி தவறொன்றும் செய்யவில்லை. ஆனாலும் அவன் செய்கை நியாயமானதன்று என்பேன். கேட்டுப் பெற்ற புத்திமதிக்கும் ஒரு விலை உண்டு. பிறிதோரிடத்து விலையை முன்பே காட்டி, “இதற்கு எவ்வளவு அருகில் உங்களால் வர முடியும்?” என்று மரியாதையோடு கேட்பதே உத்தமமான பேரம், இருவருக்கும் அதில் கௌரவம் இருக்கிறது.

இத்தகைய உறவின் பிரயோஜனம் பஞ்ச காலத்தில் தெரியும். 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் பள்ளியில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின், புதிய சட்டங்கள் வரக்கூடுமென்ற அச்சத்தால் மக்கள் வாங்கிக் குவித்ததில், சிறுவர்கள் குறிபார்க்கப் பழகும் 22 காலிபர் தோட்டாகூட அடுத்த ஆண்டு முழுவதும் அரிதாயிற்று. பெருங்கடைகளின் வாசலில் விடியுமுன்னே நின்று வாங்கி, பன்மடங்கு விலைக்கு விற்றவர்கள் உண்டு. 2020-ல் தொற்றுநோயும் கலவரங்களும் சேர்ந்து வந்தபோது, பின்னணி விசாரணைகள் மட்டும் அந்த ஓராண்டில் ஏறத்தாழ 3 கோடியே 97 லட்சத்தை எட்டின. அந்நாட்களில் பழைய விலைக்கே தம் வாடிக்கைக்காரர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி எடுத்து வைத்த கடைக்காரர்களும் இருந்தார்கள். தட்டுப்பாட்டைச் சாக்கிட்டு விலையை ஏற்றியவர்களும் இருந்தார்கள். பின்னவர்களை ஊரார் எளிதில் மறப்பதில்லை.

ஆயினும், எடுத்து வைக்கப்பட்ட அந்தப் பெட்டி வேறொருவனுக்கு மறுக்கப்பட்ட பெட்டி என்பதையும் சொல்ல வேண்டும். முதன்முதலாக அன்றுதான் அந்தக் கடைக்குள் நுழைந்த ஒரு பெண்ணோ, ஊருக்குப் புதிதாய் வந்த கறுப்பின இளைஞனோ என்ன கண்டிருப்பார்கள்? பரிச்சயம் உள்ளவர்க்கு ஒரு விலையும் இல்லாதவர்க்கு ஒரு விலையும் உள்ள இடத்தில், பரிச்சயம் யாரிடம் எளிதில் உண்டாகிறது என்ற கேள்வி தானே எழும். இயான் அயர்ஸ் என்னும் சட்டப் பேராசிரியர், ஒரே மாதிரியாகப் பேரம் பேசப் பயிற்றுவித்தவர்களைச் சிகாகோ நகரத்து மோட்டார் விற்பனையாளர்களிடம் அனுப்பி, பெண்களிடமும் கறுப்பினத்தாரிடமும் வெள்ளை ஆடவரைவிட அதிக விலை கேட்கப்பட்டதை 1991-ல் வெளியிட்டார். அது மோட்டார் காரைப் பற்றிய ஆராய்ச்சிதான். ஆனால் பேரம் நடக்கும் எந்தக் கடைக்கும் அது எச்சரிக்கை. குவேக்கர்கள் ஒரே விலையை விரும்பியதில் இருந்த நீதியை இந்த இடத்தில் மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதனினும் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அதற்குப் பொருத்தமான பெயர் நம் மொழியிலேயே இருக்கிறது: முகதாட்சண்யம். தெரிந்த முகத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்லக் கூசுவது. வேறு வியாபாரத்தில் அது கடன் வாராமற்போவதோடு முடியும். துப்பாக்கி வியாபாரத்தில் அவ்வாறு முடிவதில்லை. 2009-ல் வர்ஜீனியாவில், காவல்துறையில் முன்பு வேலைபார்த்த ஒருவர், காவலர்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியைப் பெறலாம் என்றெண்ணி, பென்சில்வேனியாவிலிருந்த தம் மாமாவுக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா முன்கூட்டியே 400 டாலருக்குக் காசோலை அனுப்பியிருந்தார். மாமாவும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுடையவரே; ஆயினும் ‘உண்மையில் வாங்குகிறவர் நீர்தாமா?’ என்ற படிவத்தின் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதியது பொய் என்று, 2014-ல் உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சில டாலர் மிச்சப்படுத்த முனைந்த உறவுக்காரியம் குற்றமாக முடிந்தது. அது கடுமையானது என்று சிலர் வருந்துவதுண்டு; எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. நல்லவன் செய்யும் பினாமிக் கொள்முதலுக்கும் தீயவன் செய்யும் பினாமிக் கொள்முதலுக்கும் கல்லாவின் முன்னே வித்தியாசம் தெரிவதில்லை.

தீயவன் செய்ததற்கும் உதாரணம் இருக்கிறது. அதே 2009-ல், மில்வாக்கி நகருக்கருகே ஒரு கடையில் பதினெட்டு வயது இளைஞன் ஒருவனுக்காக மற்றொருவன் வாங்கிய கைத்துப்பாக்கியால் இரு காவலர்கள் படுகாயமுற்றனர். கடையின் கவனக்குறைவே காரணமென்று 2015-ல் நடுவர் குழு ஏறத்தாழ 60 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. குற்றங்களில் சிக்கி விற்பனையாளர் வரை சுவடு காணப்பட்ட துப்பாக்கிகளில் நூற்றுக்கு 57-க்கு மேற்பட்டவை, கடைக்காரர்களில் நூற்றுக்கு 1.2 பேரிடமிருந்தே புறப்பட்டவை என்று, இந்த வியாபாரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு இலாகா 2000-ஆம் ஆண்டில் தெரிவித்தது. மிகுதியாக விற்கும் கடைக்கு மிகுதியான சுவடு போவது இயல்பே. அதனால் அவர்கள் அனைவரும் குற்றவாளிகள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெரும்பாலான கடைகள் வழியாக அத்தகைய துப்பாக்கி ஏறக்குறைய போவதே இல்லை என்பதையும் அதே கணக்குத்தான் காட்டுகிறது.

அறிமுகத்தின் முழுப்பயனை நான் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் காண்கிறேன். 2009-ல், ஒருவரையொருவர் அறியாத மூவர், ஒரு வாரத்துக்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சென்று சில மணி நேரத்துக்குள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அந்நாட்டில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகளே. அந்தக் கடைக்காரர் துயருற்றதோடு நில்லாமல், பொதுச் சுகாதார ஆராய்ச்சியாளரோடும் சக வியாபாரிகளோடும் அமர்ந்து, வருகிறவரின் துயரத்தை எவ்விதம் இனங்காண்பது, எப்பொழுது விற்பனையை மறுப்பது என்பவற்றை எழுதிக் கடைகளுக்கு வழங்கும் முயற்சியைத் தொடங்கினார். எந்தத் துப்பாக்கி என்பதில் சிரத்தையின்மை, அதைப் பராமரிப்பது பற்றிக் கேளாமை ஆகியவை அந்த அடையாளங்களுள் சில. விலைக்காக வாதாடுகிறவன், அடுத்த பருவத்துக்குத் தோட்டா கிடைக்குமா என்று விசாரிக்கிறவன், தவணையில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவன், இவர்களெல்லாம் நாளையை எண்ணுகிறவர்கள். ஒன்றும் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு விரைகிறவனைச் சற்று நிறுத்திவைத்துப் பேச வேண்டும். இது கைகண்ட விதி அன்று. என் மனத்தில் பட்டது. ஆனால் அவசரமில்லாத பேச்சுக்கு இடம் வைத்திருக்கும் கடையில்தான் இப்படி நிறுத்திவைத்துப் பேசுவது சாத்தியம்.

சில மாநிலங்களில் இப்பொழுது மற்றொரு வழக்கமும் பரவிவருகிறது. வேலை போய், அல்லது மனைவி பிரிந்து, மனம் கலங்கியிருக்கும் நண்பன் ஒருவனுடைய துப்பாக்கிகளைச் சில காலத்துக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ள முன்வரும் கடைகளை வரைபடத்தில் குறித்து, கொலராடோவில் 2019 முதல் வெளியிட்டு வருகிறார்கள். மனிதன் ஒருவன் தன் நண்பனோடு வருகிறான். நீண்ட உறையைக் கல்லாவின்மேல் வைக்கிறான். கடைக்காரர் எதற்கென்று விசாரிக்காமல் சீட்டெழுதிக் கொடுத்து, அதை உள்ளறைக்கு எடுத்துச் செல்கிறார். பிறகு திரும்பி வந்து, காப்பி குடிக்கிறீர்களா என்று இருவரையும் கேட்கிறார்.