ராஜா ராணி ஆட்டமும் மந்தையின் பார்வையும்

ராமநாதபுரம் மாவட்டத்துத் திருவிழாக்களில் ஊரார் தாங்களே ஆடும் ஆட்டங்களில் ஆணும் பெண்ணும் சேர்வதில்லை. முளைப்பாரிக் கும்மி பெண்களுடையது. ஒயிலாட்டம், பழைய வழக்கப்படி, ஆண்களுடையது. ஜோடியாக ஆட வெளியூர்க் கரகாட்ட செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம். ராஜா ராணி ஆட்டத்தின் சீரழிவு இந்த ஏற்பாட்டில்தான் தொடங்குகிறது.

ஆட்டம் என்னவோ அருமையானது. கரகம் ஆடியவர் இளைப்பாறும் நேரத்தில், நையாண்டி மேளம் வேகமெடுக்க, ராஜாவும் ராணியும் இறங்குகிறார்கள். எழுதிவைத்த வசனம் கிடையாது. ராஜா பீற்றிக்கொண்டால் ராணி பாட்டாலேயே அவனை மடக்குகிறாள். அந்த மடக்குக்குத் தவில்காரர் அடியைக் கூட்டி அழுத்தம் தருகிறார். கோயில் மந்தை என்னும் பொதுத்திடலில், அத்தனை ஆண்களுக்கு நடுவே, ஒரு பெண் குரலுயர்த்தி ஆணை வாதில் வெல்வதை ஊரே ரசிக்கிறது. நம் ஊர்களில் அதற்கு வேறு இடம் ஏது?

இரவு ஏற ஏற, முன்வரிசைக்கு வாதம் வேண்டியிருப்பதில்லை. இரட்டை அர்த்தப் பேச்சு கேட்கிறார்கள். அன்பளிப்பு என்ற பெயரில் ரூபாய் நோட்டை ஆடையில் குத்த வருகிறார்கள். முகம் சுளித்தால் அடுத்த ஆண்டு அழைப்பு வராது. ஆபாசம் என்ற பழியோ அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. இந்த அநீதியை என்னால் கலையின் குறை என்று எழுதிவிட முடியவில்லை.

ராஜா ராணி ஆட்டத்தின் உறவான குறவன் குறத்தி ஆட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் தடைசெய்தது. ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லி அதன் பெண்களை இழிவாகக் காட்டிய ஆட்டம் அது, தடை நியாயமானதே. ஆனால் பெயர் போனதே தவிர, மந்தையின் பார்வை மாறவில்லை. குற்றாலக் குறவஞ்சி நாடகத்தில் வரும் குறவனும் குறத்தியுமான சிங்கனும் சிங்கியும்கூட ஊடிக் கூடுகிறவர்கள்தாம். 1944-இல் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அந்த நாடகத்தைத் தம் கலாக்ஷேத்திரத்தில் மேடையேற்றியபோது அந்த ஊடலுக்கு மரியாதை கிடைத்தது.

நாம் வெளியூராருக்குக் கூலி கொடுத்து ஆடவைக்கும் ஜோடி நடனத்தை லிதுவேனியாவில் ஊர்க்காரர்களே ஆடுகிறார்கள். 1924-இல் தொடங்கிய அந்நாட்டுப் பாட்டுவிழா மரபில் பின்னாளில் நடனமும் சேர்ந்தது. இன்று ஆயிரக்கணக்கானோர் ஜோடி ஜோடியாகத் திடலில் இறங்குகிறார்கள். ஆடுகிறவள் பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கும்போது அவளை ஏலப்பொருளாகப் பார்க்க யாருக்கும் துணிவு வராது.

நம் ஊர்கள் நாளைக்கே அப்படி ஆடத் தொடங்கிவிடாது. இன்று ஆட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போது விதிக்கிற நிபந்தனைகள் கலைஞரின் உடையையும் பாட்டையும் குறிவைக்கின்றன. குறிவைக்க வேண்டியது விழா நடத்துகிறவர்களைத்தான்: பேசிய கூலியை விழாக் கமிட்டி முழுதாகக் கொடுக்கட்டும், நோட்டுக் குத்துவதை நிறுத்தட்டும். பெண்கள் முன்வரிசையில் உட்காரும்படி, ராணியின் வாதத்தை முன்னிரவிலேயே வைக்கட்டும்.