நாயகியான ஆழ்வார்

மார்கழி விடியலில் திருப்பாவை பாடும் ஆடவர் எவரும், ஆயர் மகளிர் குரலில் பேசுகிறோமே என்று கூசுவதில்லை. பழகிப்போனதால் அக்குரல் மாற்றத்தின் வியப்பை நாம் மறந்துவிட்டோம்.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின் படிப்புக்கும் பிழைப்புக்கும் பெங்களூருக்கு இரயிலேறும் நம் பிள்ளைகள், இன்று ‘பால்புதுமைக் கோட்பாடு’ என்றொன்றைக் கேட்டு வருகின்றனர். ஆண், பெண் என்னும் இரு வரையறைக்குள் அடங்காத காதலையும் தன்னுணர்வையும் இலக்கியத்தில் ஆராயும் திறனாய்வு நெறி அது. 1990-களில் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. அயல்நாட்டுச் சரக்கென்று தள்ளுமுன் நம் பெட்டகத்தைத் திறந்து பார்ப்பது முறையன்றோ?

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 27 பதிகங்கள் பெண்பாற் கூற்று: மகள் 17, தாய் 7, தோழி 3. இது பழைய அகத்துறை மரபே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் சங்கப் புலவன் தலைவிக்காகப் பேசினான். ஆழ்வாரோ தாமே தலைவியாகிறார். பராங்குச நாயகி என்ற பெயரும் பெற்றார். திருவிழாவில் அவருக்குப் பெண்கோலம் சாத்தும் கோயில்களும் உண்டு.

உரையாசிரியர்கள் இதனை மூடி மறைக்கவில்லை. பெண்ணாகிய ஆண்டாளின் காதல் பள்ளமடை, தானே பாயும்; ஆணாகிய ஆழ்வார்க்கோ மேட்டில் நீரேற்றுவது போன்றது என வேறுபாடு கண்டனர். அதனினும் துணிவான மேற்கோள் ஒன்றும் காட்டினர்: நீராடும் பாஞ்சாலியின் பேரழகைக் கண்ட மகளிர் உள்ளத்தால் ஆடவராயினராம், அவ்வாறே இறைவன் அழகு ஆழ்வாரைப் பெண்ணாக்கிற்றாம். பாரதக் கூத்தில் பாஞ்சாலியைப் பலமுறை கண்ட நமக்கு இச்செய்தியை எவரும் சொன்னதில்லை!

வயது வந்த ஒருபாலார் மனமொத்துக் கூடுதல் குற்றமன்று என உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் அவ்வியல்புடைய பிள்ளையை ‘நம் மரபில் இல்லாதது’ என்று சொல்லி வீட்டைவிட்டுத் துரத்தும் பெற்றோர் இன்றும் உளர். பாசுரம் ஓதும் நாவால் அச்சொல்லைச் சொல்லுதல் எங்ஙனம்?

எனினும் புதிய திறனாய்வாளர் ஆழ்வாரைத் தம் கட்சிக்கு முற்றும் இழுத்துக்கொள்வதை நாம் ஏற்பதற்கில்லை. இறைவன் ஒருவனே ஆண் என்னும் கொள்கைக்கு இசைந்தே அவர் பெண்ணாகிறார். காதல் ஆண்–பெண் காதலாகவே நிற்கிறது. அதனுள் ஒருவர் இடம் மாறுகிறார், அவ்வளவே.

நாம் வாழும் கன்னட நாட்டின் தேவர தாசிமையர் இன்னும் தொலைவு செல்கிறார். உடலடையாளம் கண்டு பெண்ணென்றும் ஆணென்றும் அழைக்கிறோம். உள்ளே உலவும் ஆன்மாவோ இரண்டுமன்று என்பது அவர் வசனம் ஒன்றின் கருத்து. அதனையும் திருவாய்மொழியையும் அருகருகே வைத்துப் படித்தல், இருமொழியும் அறிந்த தங்கவயலார்க்கு எளிது.