துரோகிக்கு என்ன தண்டனை?

இங்கிலாந்தில் எம்.பி.க்கள் 'சர்ஜரி' செய்வார்கள். பயப்படாதீர்கள். கத்தியும் கிடையாது, மயக்க மருந்தும் கிடையாது. டாக்டர் நோயாளிகளைப் பார்க்கிற நேரத்துக்கு அங்கே சர்ஜரி என்று பெயர். எம்.பி. தன் தொகுதிக்காரர்களைப் பார்க்கிற நேரத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நூலகத்திலோ சர்ச் ஹாலிலோ ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. யார் வேண்டுமானாலும் வரலாம். வீட்டு வாடகை உதவி நின்றுபோச்சு, மருமகளுக்கு விசா வரவில்லை, தெரு விளக்கு எரியவில்லை என்று எதையும் சொல்லலாம். வருகிறவர்களில் சிலர் நம்ம ஊர் அர்த்தத்திலும் 'அறுவை'யாக இருப்பார்கள். அதையும் கேட்டுக்கொள்வதற்குத்தான் எம்.பி.

2016 ஜூன் 16, வியாழக்கிழமை. மேற்கு யார்க்ஷயரில் பர்ஸ்டல் என்ற சிற்றூர். மதியம் ஒரு மணி ஆகப்போகிறது. அந்த ஊர் நூலகத்தில் சர்ஜரி நடத்த காரில் வந்து இறங்குகிறார் ஜோ காக்ஸ். வயது 41. லேபர் கட்சி. எம்.பி. ஆகி ஒரு வருஷம்தான் ஆகிறது. வீட்டில் 5 வயதிலும் 3 வயதிலும் இரண்டு குழந்தைகள்.

கத்தி கிடையாது என்றேன் அல்லவா? அன்றைக்கு இருந்தது. துப்பாக்கியும் இருந்தது.

நடுத்தெருவில் சுட்டுக் குத்திக் கொன்றான் ஒருவன். அடிபட்டுக் கிடந்த நிலையிலும் ஜோ காக்ஸ் தன் உதவியாளர்களை ஓடிப்போய்விடச் சொன்னார் என்று கோர்ட்டில் சாட்சியம் வந்தது. தடுக்கப் போன 77 வயதுப் பெரியவருக்கும் கத்திக்குத்து. கொன்றவன் "பிரிட்டன்தான் முதலில்" என்று கத்தியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து கோர்ட்டில் நிறுத்திப் பெயரைக் கேட்டபோது, அவன் சொன்ன பதிலின் முதல் பாதி இது: "துரோகிகளுக்கு மரணம்."

இந்த வாரம் நான் உங்களோடு பேச விரும்புவது அந்த ஆளைப் பற்றி அல்ல. அந்த வார்த்தையைப் பற்றி.

*

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துகொள்வோம். ஒரு தலைவர் சூடாகப் பேசினார், அதைக் கேட்டு ஒருத்தன் கிளம்பிப் போய்ச் சுட்டுவிட்டான் என்று கதை சொல்வது சுலபம். உண்மை பெரும்பாலும் அத்தனை சுலபமாக இருப்பதில்லை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், டூசான் நகரம். 2011 ஜனவரி 8, சனிக்கிழமை. ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் மேஜை போட்டு மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார் காப்ரியெல் கிஃபர்ட்ஸ். டெமாக்ரட் கட்சியின் காங்கிரஸ் உறுப்பினர். வந்தவன் அவர் தலையில் சுட்டான். கூட்டத்தையும் சுட்டான். ஆறு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் ஃபெடரல் நீதிபதி, ஒருத்தி ஒன்பது வயதுச் சிறுமி. கிஃபர்ட்ஸ் பிழைத்தார். ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பதவியை விட்டு விலக வேண்டியதாயிற்று.

அதற்குப் பத்து மாதம் முன்னால், ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டவர்களைத் தேர்தலில் தோற்கடிக்க வேண்டும் என்று சாரா பேலினின் அமைப்பு ஒரு வரைபடம் வெளியிட்டிருந்தது. 20 தொகுதிகள். ஒவ்வொன்றின் மேலும் துப்பாக்கிக் குறி. அதில் கிஃபர்ட்ஸ் தொகுதியும் ஒன்று. 'இப்படியெல்லாம் செய்தால் அதற்கு விளைவுகள் உண்டு என்பது புரிய வேண்டும்' என்று அப்போதே டி.வி.யில் எச்சரித்தவர் கிஃபர்ட்ஸ். பிறகு அவரையே சுட்டால் என்ன நினைக்கத் தோன்றும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். வரைபடம் கொன்றுவிட்டது என்று.

இல்லை. சுட்டவன் கடுமையான மனநோயாளி. 2007ல் ஒரு கூட்டத்தில் கிஃபர்ட்ஸிடம் ஏதோ கேள்வி கேட்டு, பதில் பிடிக்காமல், அப்போதிருந்தே அவர்மேல் வெறியோடு திரிந்தவன். வரைபடம் வந்ததோ 2010ல். அவன் அதைப் பார்த்ததற்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. 2017ல் நியூயார்க் டைம்ஸ் தன் தலையங்கத்தில் இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதி, உடனே தவறை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. பேலின் கேஸ் போட்டார். 2022லும் 2025லும் ஜூரி பத்திரிகையின் பக்கம்தான் நின்றது. ஆனால் எழுதியது தவறு என்பது தவறுதானே?

'அப்படியானால் வார்த்தைகள் நிரபராதி, கேஸ் முடிந்தது' என்று எழுந்துவிடாதீர்கள். உட்காருங்கள். இன்னொரு ஊருக்குப் போக வேண்டும்.

*

ஜெருசலேம், 1995 அக்டோபர் 5. பாலஸ்தீனியர்களோடு ஒப்பந்தம் போட்ட பிரதமர் ராபினை எதிர்த்து சீயோன் சதுக்கத்தில் பெருங்கூட்டம். "ராபின் துரோகி" என்று கோஷம். ராபினுக்கு நாஜி உடை மாட்டிவிட்ட படம் கூட்டத்தில் உலவுகிறது. ஒரு யூதப் பிரதமருக்கு நாஜி உடை! மேலே பால்கனியில் எதிர்க்கட்சித் தலைவர்கள். பேசியவர்களில் நெதன்யாஹுவும் உண்டு. தான் யாரையும் வன்முறைக்குத் தூண்டவில்லை என்பது அவர் வாதம்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 4ஆம் தேதி இரவு, டெல் அவிவில் சமாதானக் கூட்டம் முடிந்து காருக்கு நடந்த ராபினை, சட்டம் படிக்கும் மாணவன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவன் பைத்தியம் இல்லை. தெளிவாகக் காரணம் சொன்னான். தன் மக்களை ஆபத்தில் தள்ளுகிறவனைக் கொல்லலாம் என்று மதச்சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்றான். அந்த வாதம் அவன் மட்டும் ராத்திரியில் உட்கார்ந்து கண்டுபிடித்தது அல்ல. அந்த நாட்களில் சில மதவாதிகள் வெளிப்படையாகவே விவாதித்துக்கொண்டிருந்ததுதான்.

ஆக, டூசானில் பேச்சுக்கும் துப்பாக்கிக்கும் தொடர்பு இல்லை. டெல் அவிவில் தொடர்பைக் கொலைகாரனே சொன்னான். பர்ஸ்டல் இரண்டுக்கும் நடுவில். கொன்றவன் பல வருஷமாக நாஜிப் புத்தகங்களைச் சேர்த்துவைத்தவன். ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதா என்ற வாக்கெடுப்புக்கு ஒரே வாரம் இருந்தது. கொலை நடந்த அதே நாள் காலையில்தான், வரிசையாக நிற்கும் அகதிகள் படத்தோடு 'உடையும் கட்டம்' என்ற போஸ்டரைத் திறந்துவைத்திருந்தார் நைஜல் ஃபராஜ். அந்த போஸ்டர்தான் அவனை அனுப்பியது என்று சொன்னால் அது இன்னொரு டூசான் தப்பு. அவன் மனசில் விஷம் எப்போதோ இருந்தது. ஆனால், ஊர் முழுக்க ஒரே சூட்டில் கொதிக்கும்போது, உள்ளே இருக்கிற விஷத்துக்கு 'இதுதான் நேரம், நாடே நம் பக்கம்' என்று தோன்றிவிடாதா? இதற்கு யாராலும் சாட்சி சொல்ல முடியாது. அதனால்தான் பேசுகிறவர்கள் தைரியமாகப் பேசுகிறார்கள்.

*

இப்போது வார்த்தைக்கு வருவோம்.

ஒரு எம்.பி.யைத் 'திறமையில்லாதவன்' என்கிறீர்கள். அதற்கு என்ன தண்டனை? அடுத்த தேர்தலில் தோற்கடிப்பது. 'லஞ்சம் வாங்கினான்' என்கிறீர்கள். கோர்ட்டுக்குப் போகலாம், ஜெயில். 'பொய் சொல்கிறான்' என்கிறீர்கள். ஆதாரத்தைக் காட்டி மானத்தை வாங்கலாம். எல்லாம் ஜனநாயகத்துக்கு உள்ளேயே முடிகிற சமாசாரம்.

'துரோகி' என்கிறீர்கள். அதற்கு?

எந்த நாட்டுச் சரித்திரத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், ராஜத் துரோகிக்கு ஒரே தண்டனைதான். இங்கிலாந்தில் ராஜத்துரோகச் சட்டம் 1351ல் வந்தது. இன்னும் இருக்கிறது. அந்தக் குற்றத்துக்காகக் கடைசியாகத் தூக்கில் போட்டது 1946ல், ஹிட்லருக்காக ரேடியோவில் பேசியவரை. 1998ல் அந்தத் தூக்கையும் எடுத்துவிட்டார்கள். சட்டம் கயிற்றைக் கீழே போட்டுவிட்டது. மேடைகள் இன்னும் கையில் வைத்திருக்கின்றன.

அந்த வார்த்தையில் ஒரு முழுத் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. விசாரணை முடிந்துவிட்டது, தண்டனை விதித்தாகிவிட்டது, நிறைவேற்ற ஆள்தான் இல்லை என்று அது சொல்கிறது. கோடிப் பேர் கேட்டுக் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். ஒருத்தன் மட்டும் 'அந்த ஆள் நான்தான்' என்று எழுந்துகொள்வான். பேசியவருக்கு அவனைத் தெரியாது. தெரியாது என்பதுதான் அவருக்கு வசதி.

'ஏன் சார், கோபமாகப் பேசக்கூட உரிமை இல்லையா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஆளுகிறவர்களைத் திட்ட முடியாத நாடு நாடே இல்லை. 1966ல் வாஷிங்டனில் ஒரு 18 வயதுப் பையன், 'என்னை ராணுவத்தில் சேர்த்துக் கையில் துப்பாக்கி கொடுத்தால் முதலில் குறிவைப்பது ஜனாதிபதி ஜான்சனைத்தான்' என்றான். பிடித்து வழக்குப் போட்டார்கள். 1969ல் சுப்ரீம் கோர்ட் அவனை விடுவித்தது. இது மிரட்டல் இல்லை, அரசியல் ஆவேசம் என்றது. சரியான தீர்ப்பு. வியட்நாமுக்குச் சாகப் போக வேண்டியவன் அவன். கத்துவதற்கு வாயைத் தவிர அவனிடம் வேறு என்ன இருந்தது?

ஆனால் அந்தப் பையனிடம் மைக் இல்லை, கட்சி இல்லை, பத்திரிகை இல்லை. 2016 நவம்பரில் மூன்று நீதிபதிகளின் படத்தைப் போட்டு 'மக்களின் எதிரிகள்' என்று தலைப்பு வைத்த டெய்லி மெயிலுக்கு லட்சக்கணக்கான வாசகர்கள். இரண்டும் ஒரே பேச்சுரிமைதான், சட்டப்படி. இரண்டுக்கும் ஒரே பொறுப்புதானா? சட்டம் பிடிக்காத இடத்தில்தான் மனசாட்சி என்று ஒன்றை வைத்திருக்கிறோம்.

2019 செப்டம்பர் 25. பிரிட்டிஷ் நாடாளுமன்றம். ஜோ காக்ஸ் நினைவாகச் சுவரில் ஒரு கேடயச் சின்னம் உண்டு. அதை வடிவமைப்பதில் அவர் குழந்தைகளுக்கும் பங்கு இருந்தது. பாலா ஷெரிஃப் என்ற பெண் எம்.பி. அதைக் காட்டி, 'சரணாகதி, துரோகம் என்ற வார்த்தைகளைச் சொல்லித்தான் எங்களுக்குக் கொலை மிரட்டல்கள் வருகின்றன, பிரதமர் தன் பேச்சைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளக் கூடாதா?' என்று கேட்டார். போரிஸ் ஜான்சன் அதை 'ஹம்பக்' என்றார். நம் தாத்தாக்களுக்கும் தெரிந்த வார்த்தை. சுத்தப் பம்மாத்து என்று அர்த்தம்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நான் மன்னிக்கமாட்டேன். ஆதாரம் இல்லை என்று வாதாடியிருக்கலாம். 'சரணாகதி' அரசியல் வார்த்தைதான் என்று சொல்லியிருக்கலாம். பயந்துபோய்க் கேட்கிறவளைப் பார்த்து 'நடிக்காதே' என்று சொல்வதற்கு ஒரு தனி மனசு வேண்டும்.

இது ஒரு கட்சியின் வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். 2017 ஜூன் 14 அன்று வாஷிங்டன் அருகே பேஸ்பால் பயிற்சியில் இருந்த ரிபப்ளிகன் உறுப்பினர்களைச் சுட்டவன் இடதுசாரி ஆதரவாளன், பெர்னி சாண்டர்ஸுக்காகத் தேர்தல் வேலை பார்த்தவன். ஸ்டீவ் ஸ்கலீஸ் சாவின் விளிம்புவரை போய் வந்தார். சாண்டர்ஸ் அன்றே செனட்டில் எழுந்து, இந்தச் செயல் அருவருப்பூட்டுகிறது, வன்முறையை எந்த வடிவத்திலும் ஏற்க முடியாது என்றார். சரியாக எட்டு வருஷம் கழித்து, 2025 ஜூன் 14. மினசோட்டாவில் டெமாக்ரட் கட்சியின் மெலிஸா ஹார்ட்மனையும் அவர் கணவரையும் அவர்கள் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கிக்குக் கட்சி கிடையாது.

*

இதில் நமக்கு என்ன போச்சு? எம்.பி.க்குப் பாதுகாப்பு கொடுத்தால் முடிந்தது என்று தோன்றலாம். கொடுத்தார்கள். 2021 அக்டோபரில் டேவிட் அமெஸ் என்ற கன்சர்வேடிவ் எம்.பி.யையும் சர்ச்சில் சர்ஜரி நடத்தும்போதே ஒருவன் குத்திக் கொன்றான். அவன் ஐ.எஸ். அனுதாபி, அவனை வளர்த்தது வேறு விஷம். 2024ல் மைக் ஃப்ரியர் என்ற எம்.பி., மிரட்டலும் அலுவலகத்துக்குத் தீவைப்பும் போதும் என்று தேர்தலில் நிற்காமல் ஒதுங்கினார். அதே வருஷம் எம்.பி.க்கள் பாதுகாப்புக்கு 3.1 கோடி பவுண்ட் ஒதுக்கினார்கள்.

பணம் போகட்டும். ஒரு கதவு சாத்தப்படுவதுதான் எனக்கு உறுத்துகிறது. முன்அனுமதி, பை சோதனை, வாசலில் காவல். தெரு விளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்த கிழவி இதையெல்லாம் பார்த்துத் திரும்பிப் போய்விடுவாள். நாளைக்கு யார் தேர்தலில் நிற்பார்கள்? குழந்தை குட்டி இருக்கிறவள் யோசிப்பாள். தடியாட்களோடு வலம்வருகிறவன் யோசிக்கமாட்டான். நல்லவர்கள் ஒதுங்கிய பிறகு, 'அரசியலில் நல்லவர்களே இல்லை' என்று நாமே புலம்புவோம்.

ஜோ காக்ஸ் வழக்கில் நீதிபதி ஆயுள் முழுக்கச் சிறை விதித்தபோது, அந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுத்தார். நீதான் இந்த நாட்டின் நாடாளுமன்ற ஜனநாயகத்துக்குத் துரோகம் செய்தவன் என்று கொலைகாரனிடம் சொன்னார். எனக்குத் தெரிந்து அந்த வார்த்தை சரியாகப் பயன்பட்ட அபூர்வமான இடம் அது. விசாரணை முடிந்து, சாட்சிகள் சொல்லி, கோர்ட்டில்.

அடுத்த முறை மேடையிலோ டி.வி.யிலோ வாட்ஸப்பிலோ யாராவது யாரையாவது துரோகி என்றால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'சரி ஐயா, தண்டனை என்ன என்று நினைக்கிறீர்கள்? அதையும் வாயால் சொல்லிவிடுங்களேன்.' நாணயமானவர் வார்த்தையை மாற்றிக்கொள்வார். மற்றவர்கள் முழிப்பார்கள்.

2021 ஜூலையில் அதே தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. ஜோ காக்ஸின் தங்கை கிம் லெட்பீட்டர் நின்றார். வாக்குக் கேட்கப் போன இடத்தில் அவரையும் வழிமறித்துக் கத்தினார்கள். 323 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அக்காவைக் கொன்ற ஊரிலேயே போய் ஓட்டுக் கேட்பதற்கு எத்தனை தைரியம் வேண்டும்! அந்தத் தைரியம் இல்லாதவர்களும் தேர்தலில் நிற்கலாம் என்கிற நிலைமை இருந்தால்தான் அதற்கு ஜனநாயகம் என்று பெயர்.