375 என்னும் விடை: வகுப்பறை மதிப்பீடு பற்றிச் சில குறிப்புகள்

கீழச்சிவல்பட்டியில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு கொடுத்திருந்தேன். 403-லிருந்து 178. ஒரு சிறுமி 375 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு அடுத்த நோட்டுக்குப் போயிருக்கலாம். வழக்கமாகச் செய்வதும் அதுதான். அன்றைக்கு என்னவோ கேட்கத் தோன்றியது.

‘எப்படிம்மா போட்ட?’

‘மூணுக்கும் எட்டுக்கும் அஞ்சு. சைபருக்கும் ஏழுக்கும் ஏழு. நாலுல ஒண்ணு போனா மூணு. பெருசுல இருந்துதான சார் சின்னதக் கழிக்க முடியும்? நீங்கதான சொன்னீங்க.’

நான்தான் சொன்னேன். போன வருஷம், ஓரிலக்கக் கழித்தலின்போது. அவள் விடை கவனக்குறைவால் வந்ததல்ல. ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றியதால் வந்தது. விதி என்னுடையது. அப்படியானால் அந்தச் சிவப்புக் கோடு யாருக்கு விழ வேண்டியது?

மறுநாள் வேறு மாதிரி கேட்டேன். ‘கையில 403 ரூபா இருக்கு. 178 ரூபாய்க்குச் சாமான் வாங்குற. மீதி எவ்வளவு?’ பேப்பர் இல்லாமலே சொன்னாள்: ‘178-க்கு 22 போட்டா 200. அதுக்கு மேல 203. ஆக 225.’ அம்மாவோடு சந்தையில் உட்கார்ந்து சில்லறை கொடுத்துப் பழகிய கை. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த 5 சிறார்களிடம் நூனெஸ், கராஹெர், ஷ்லீமன் ஆகியோர் நடத்திய ஆய்வு 1985-இல் வெளிவந்தது. தெருவில் கேட்டபோது ஏறக்குறைய 98 சதவீதம் சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். தாள் அளந்தது கணக்கறிவை மட்டுமல்ல. பள்ளிக்கூடத்தின் எழுத்துமுறைக்கு யார் பழகியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே அளந்தது.

தேர்வு என்பது கண்காணிப்பையும் தரப்படுத்தும் தீர்ப்பையும் ஒன்றாகக் கட்டுகிற சடங்கு, அது ஒவ்வொரு மனிதரையும் ஆவணத்துக்குரிய ‘கேஸ்’ ஆக்குகிறது என்று ஃபூக்கோ 1975-இல் எழுதினார். இதை நாம் நெடுங்காலமாக மேற்கோள் காட்டி வருகிறோம். ஆனால் நம் விமர்சனம் பெரும்பாலும் ஆண்டிறுதித் தேர்வோடு நின்றுவிடுகிறது. தேர்வை எடுத்துவிட்டு ‘தொடர் மதிப்பீடு’ வைத்தால் விடுதலை என்று நம்பினோம். என்ன ஆயிற்று?

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டைக் கேட்டது. தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறையோடு அது வந்தது: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறி என்ற கருத்தை 1967-இல் முன்வைத்த ஸ்க்ரிவன், அதைப் பாடத்திட்டத்தை நடக்கும்போதே திருத்திக்கொள்ளும் வழியாகத்தான் சொன்னார். அதாவது மாற வேண்டியது முதலில் கற்பித்தல். நம்மிடம் அது 40 மார்க்காக உறைந்தது. ஸ்டேஷனரி கடையில் வாங்கிய படத்தை ஒட்டிய சார்ட், அப்பா செய்து கொடுத்த மாதிரி வீடு, மாசக் கடைசியில் ஒரே மூச்சில் நிரப்பப்படும் பதிவேடு. நானும் நிரப்பியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை வந்த கண்காணிப்பு தினசரி ஆனது; அவ்வளவுதான். 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. எண்ணம் சரிதான். ஆனால் செயலியில் விவரம் ஏற்றுகிற நேரம், பிள்ளையிடம் ‘எப்படிம்மா போட்ட?’ என்று கேட்கிற நேரத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பகுதிக்குக் குறிப்புரை மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். குறிப்புரை மட்டும் பெற்றவர்களே மேம்பட்டார்கள். இரண்டையும் பெற்றவர்களிடம் அந்தப் பயன் இல்லை. எண்ணைப் பார்த்தபின் எழுத்தை யார் படிக்கிறார்கள்?

இங்கே தோழர்களோடு ஒரு சண்டை இருக்கிறது. 2019 செப்டம்பரில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது. எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. எதிர்த்தது சரி. பத்து வயதுப் பிள்ளையை வடிகட்டி வெளியே தள்ளும் ஏற்பாடு அது. ஆனால் அதற்காக ‘ஆசிரியரின் மதிப்பீடே போதும்’ என்று சொல்லிவிட முடியுமா? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் திருத்துகிறவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது, தெருவும் தெரியாது. சேரியிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்த முகமின்மை ஒரு பாதுகாப்பு. வகுப்பறையில் மார்க் போடுகிறவருக்கோ எல்லாம் தெரியும். ‘நடத்தை’, ‘ஈடுபாடு’, ‘தூய்மை’ என்ற தலைப்புகளில் சாதி எவ்வளவு எளிதாக உள்ளே நுழையும் என்று சொல்லத் தேவையில்லை. ஆசிரியரின் தீர்ப்பைக் கேள்விக்கு உட்படுத்தும் வழி இல்லாத இடத்தில் தொடர் மதிப்பீடு என்பது தொடர் அதிகாரம்.

பாவ்லோ ஃப்ரெயிரே சாடிய ‘வங்கிமுறைக் கல்வி’யை வட்டிக்கடைக்காரர்களின் இந்த மண்ணில் வைத்துப் படிக்கும்போது ஒரு வேடிக்கை தட்டுப்படுகிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் எடுபிடி வேலையில் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தான். அவனுக்குப் பரீட்சைத் தாள் இல்லை. கணக்கு நேராகவில்லை என்றால் எந்த வரியில் பிசகியது என்று தேடினார்கள். பிசகைக் கண்டுபிடிப்பதே பாடம். நம் பள்ளிக்கூடம் வங்கியாக இருக்கிறது. அசல் வட்டிக்கடை பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது! இதைப் பொற்காலமாக்கிப் பாட நான் தயாரில்லை. அந்தக் கடையின் கதவு ஒரு சாதியின் ஆண்பிள்ளைகளுக்குத்தான் திறந்தது. 403-லிருந்து 178-ஐ வாயால் கழிக்கிற அந்தச் சிறுமிக்கு அங்கே இடமே கிடையாது. பொதுப்பள்ளி அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. கடையிடமிருந்து தவறைத் தேடும் பழக்கத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே மதிப்பீடு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல என் கேள்வி. மதிப்பீட்டுக்குப் பிறகு யார் மாறுகிறார்கள்? பிள்ளையின் ரேங்க் மட்டும் மாறினால் அது வடிகட்டல். நாளைய பாடம் மாறினால்தான் அது கற்றலோடு சேர்ந்தது. இதற்குச் சில காரியங்கள் இன்றைக்கே செய்யலாம். தவறான விடையின் பக்கத்தில் பிள்ளை சொன்ன காரணத்தை அவள் வார்த்தையிலேயே எழுதி வைக்கலாம். சின்ன வகுப்புகளில் எண்ணுக்குப் பதில் ஒரு வரி எழுதலாம். போட்ட மதிப்பீட்டைப் பிள்ளையும் பெற்றோரும் மறுத்துப் பேச ஓர் இடம் வைக்கலாம். ‘நீங்கதான சொன்னீங்க’ என்பதை எதிர்ப்பேச்சாகக் கேட்காமல் இருக்கவும் ஆசிரியர்கள் பழக வேண்டும்.

அடுத்த வாரம் கரும்பலகையில் இரண்டு வழிகளையும் எழுதினேன்: என் கடன் வாங்கும் முறை, அவளுடைய சில்லறை முறை. இரண்டிலும் 225 வருவதைப் பிள்ளைகள் போட்டுப் பார்த்தார்கள். பதிவேட்டில் இதற்கென்று கட்டம் இல்லை. 375-க்கு அன்றைக்கு என்ன மார்க் போட்டேன் என்று கேட்பீர்கள். சைபர்தான் போட வேண்டியிருந்தது. அவளுக்குப் போட்டேன், எனக்குப் போட்டுக்கொள்ள வழியில்லை.