கொட்டாங்குச்சி பிரேக் பிடிக்குமா?

மதிப்பீட்டுக்காக என் மேசைக்கு வந்த முதுநிலை ஆய்வேடு ஒன்றின் முடிவுரை இப்படிப் போகிறது: கொட்டாங்குச்சித் தூள் கலந்த பிரேக் பேடின் உராய்வுக் கெழு 0.42, சந்தையில் விற்கும் பேடுக்கு அது ஈடு, எனவே மாற்றாகப் பயன்படுத்தலாம். முதல் இரண்டோடு எனக்குச் சண்டையில்லை. அந்த ‘எனவே’தான் இடறுகிறது.

இந்த வகை ஆய்வு இன்று உலகெங்கும் நடக்கிறது. நைஜீரியர்கள் எண்ணெய்ப்பனைக் கொட்டை ஓடு, கரும்புச் சக்கை, வாழைத்தோல் என்று வரிசையாகப் பார்த்துவிட்டார்கள். நம் பொறியியல் கல்லூரிகளில் கொட்டாங்குச்சியும் உமியும். கேலி செய்ய எதுவுமில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்தபின் மிஞ்சும் ஓட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். அதைக் கெட்டியாக்கிப் பொடித்த ‘முந்திரித் தூள்’ பல பத்தாண்டுகளாக பிரேக் பேடுகளில் சேர்கிறது. கொஞ்சம் மீள்தன்மை உண்டு, கிறீச்சொலியைத் தணிக்கும், இதமாகப் பிடிக்கும். ஆக, தோட்டத்துக் கழிவு பேடுக்குள் போகமுடியும் என்பது ஏற்கெனவே நிரூபணமான சங்கதி. எப்படிப் போனது என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை. அதிகச் சூட்டில் அது கரியும் என்று தெரிந்து, அளவைக் கட்டுப்படுத்தி, கிராஃபைட்டும் உலோக சல்ஃபைடும் துணைக்கு வைத்துத்தான் அதைச் சேர்த்தார்கள். பேட் என்பது ஒரு பொருளல்ல. பீனாலிக் பிசின், அராமிட் இழை, பாறைக் கம்பளி, பேரைட் என்று பத்துப் பதினைந்து சரக்கு சேர்ந்த கலவை. ஒன்றை மாற்றினால் மற்றவையும் நகரும்.

ஆய்வேட்டின் சோதனைக்கு வருகிறேன். சுழலும் தட்டின்மேல் சிறு ஊசிபோன்ற மாதிரியை அழுத்தித் தேய்ப்பது, ‘பின்-ஆன்-டிஸ்க்’ என்பார்கள். மலிவு, ஒரு மதியத்தில் முடியும், மோசமான கலவைகளைக் கழித்துக்கட்ட உதவும். அந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 5.8 லட்சம் ஜூல். நாலு வினாடியில் நிறுத்தினால் சராசரியாக 1 லட்சத்து 45 ஆயிரம் வாட். முன்சக்கரம் ஒன்றுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு என்றாலும், அங்குள்ள இரு பேடுகளின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் 5 வாட் அளவுக்குச் சூட்டைப் பார்க்கிறது. ஆய்வகத்தில் 10 மில்லிமீட்டர் விட்ட ஊசி, 20 நியூட்டன் சுமை, வினாடிக்கு 2 மீட்டர் வேகம், அதே 0.4 உராய்வு: சதுர மில்லிமீட்டருக்கு 0.2 வாட். இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்! அதுவும் ஒரே ஒரு முறை மிதித்ததற்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவரின் பேடில் பீனாலிக் பிசின் சிதையும் 300 டிகிரி ஒன்றும் எட்டாத உயரமல்ல. கொட்டாங்குச்சியோ 200 டிகிரிக்கு மேலேயே சிதைய ஆரம்பித்து, 400-ஐ எட்டுவதற்குள் பெரும்பாலும் கரியாகவும் வாயுவாகவும் போய்விடும். அந்த 0.42, சூடு ஏறாத ஊசி சொன்ன எண்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று கலவை அட்டவணையிலேயே ஒளிந்திருந்தது. பேரைட்டில் 10 கிராமை எடுத்துவிட்டு 10 கிராம் கொட்டாங்குச்சித் தூள் போட்டிருந்தார் மாணவர். ஆந்திராவின் மங்கம்பேட்டையில் வெட்டியெடுக்கும் பேரைட் கனத்த தாது, அடர்த்தி 4.5, கொட்டாங்குச்சி 1.3 தேறும். எடுத்த பேரைட் 2.2 கன சென்டிமீட்டர், போட்ட தூள் 7.7. பிசின் அளவு மாறவில்லை. அது ஒட்டிப் பிடிக்கவேண்டிய சரக்கு மட்டும் பெருத்துவிட்டது. பேட் வேகமாகத் தேய்ந்ததற்கு அவர் கொட்டாங்குச்சியைக் குறை சொல்கிறார். குற்றவாளி தராசாக இருக்கலாம். இத்தகைய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் இதே எடைக்கு எடை மாற்றத்தைப் பார்க்கிறேன்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: உராய்வு, அடர்த்தியைப் போலப் பொருளின் சொந்தக் குணம் என்பது. உப்சாலா பல்கலைக்கழகத்தின் எரிக்சனும் யாக்கப்சனும் 2000-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகக் கலைத்தது. பேடின் முழு முகமும் டிஸ்க்கைத் தொடுவதில்லை. மைக்ரான் கணக்கில் அளக்கும் சிறு சிறு மேடுகளே தொடுகின்றன. தேயாத இழை ஒன்று நிமிர்ந்து நிற்கும். கல்லில் முட்டி வண்டல் தேங்குவதுபோல் அதன்மேல் தேய்மானத் தூள் முட்டி, அழுந்தி, அடுத்த மேடாகும். உராய்வைத் தீர்மானிப்பவை ஓட்டத்தில் பிறந்து அழியும் இந்த மேடுகள். “புது பேட் சார், கொஞ்ச நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்” என்று மெக்கானிக் சொல்வதும் இதைத்தான். கண்ணாடிபோல் மினுங்கும் பேடை உப்புத்தாளில் தேய்த்து மாட்டும்போது அவர் பழைய மேடுகளை அழித்துப் புதியவை உருவாக வழிவிடுகிறார். சோதனை தொடங்கிய பத்தாவது நிமிடத்து எண்ணும் ஐம்பதாவது நிமிடத்து எண்ணும் வேறுவேறாக இருந்தால் வியப்பில்லை.

பெரிய தொழிற்சாலைகளின் சோதனைகள் குறையற்றவை என்று சொல்லவில்லை. அமெரிக்க முறைப்படி பேடின் ஓரத்தில் அச்சிடும் ‘எஃப்எஃப்’ போன்ற இரட்டை எழுத்தில் முதலாவது சாதாரண நிலைக்கு, இரண்டாவது சூடான நிலைக்கு. எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே காலில் தெரியும் வித்தியாசம் இருக்கிறது, எழுத்து ஒன்றுதான். அதுவும் ஓர் அங்குலச் சதுரத் துண்டில் அளந்தது.

இன்னும் மோசம், பிடிப்பை மட்டும் கேட்ட சோதனைகள் கல்நாரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடின. சூடு தாங்கியது, நன்றாகப் பிடித்தது, விலை குறைவு. டிரம்மைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்த தொழிலாளர்களின் நுரையீரல் எந்த அட்டவணையிலும் இல்லை. பிரிட்டன் அதை முழுதாகத் தடைசெய்ய 1999 ஆனது. அடுத்து வந்த செம்பு, வெப்பத்தைக் கடத்தி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதன் தூசி மழைநீரில் கலந்து சால்மன் மீன்களின் மோப்பத்தைக் கெடுப்பது தெரிந்து, கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2010-இல் சட்டம் போட்டன. ஐரோப்பாவின் யூரோ 7, பிரேக் தூசிக்கே வரம்பு வைக்கிறது: பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். இயற்கைக் கழிவு என்பதால் மட்டும் கொட்டாங்குச்சியின் தூசி தீங்கற்றது ஆகிவிடாது. அதையும் அளந்தே சொல்லவேண்டும்.

அந்த ஆய்வேட்டைத் தேர்ச்சி என்றே எழுதி அனுப்பினேன். உழைப்பு உண்மையானது, அரைத்த விதமும் வார்த்த விதமும் சுத்தம். கூடவே மூன்று வரி எழுதினேன்: கலவையைக் கன அளவில் திரும்பப் போடுங்கள். 350 டிகிரியில் ஒருமுறை அளந்து பாருங்கள். சோதனைக்கு முன்னும் பின்னும் டிஸ்க்கையும் எடை போடுங்கள். அதுவரை முடிவுரையிலிருந்து அந்த ‘எனவே’யை மட்டும் எடுத்துவிடுங்கள்.