பூச்சு மேலே, ஈரம் கீழே

சென்னை அடுக்ககங்களில் இப்போது புதிய மோகம் ஒன்று பரவியிருக்கிறது. தரைத்தளக் கார் பார்க்கிங்குக்கு எப்பாக்ஸி கோட்டிங் அடிப்பது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே சங்கக் கூட்டங்களில் கொட்டேஷன்கள் வந்துவிடுகின்றன. 'பூஞ்சை பிடிக்காது, பாசி படியாது' என்ற உறுதிமொழி அவற்றில் தவறாமல் இருக்கிறது. பூசியவர்கள் சொல்லும் நியாயமும் எளிமையானது: சிமென்ட் தரையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, ஈரமும் அழுக்கும் அங்கேதான் தங்குகின்றன, துளைகளை அடைத்துவிட்டால் பூஞ்சைக்கு இடமே இல்லை. கேட்பவர் தலையாட்டிவிடக்கூடிய வாதம்தான். ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அது தொடவே இல்லை.

பூச்சால் நன்மை இல்லாமல் இல்லை. ஆயில் சொட்டினால் ஊறாது, துடைத்தால் போய்விடும். சிமென்ட் தூள் பறக்காது. வெளிச்சம் குறைந்த இடம் பளிச்சென்று தெரியும். கீழே இன்னொரு தளம் இருக்கிற, அடியிலிருந்து மண் ஈரம் ஏற வழியில்லாத மேல்தளப் பார்க்கிங்கில் ஒழுங்காக அடித்த எப்பாக்ஸி பல ஆண்டுகள் நிற்கும். அங்கே எனக்கு வழக்கே கிடையாது.

என் வழக்கு மண்மேல் நேராகக் கிடக்கும் தரையைப் பற்றியது. நம்மூரில் அது எப்படிப் போடப்படுகிறது? கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு, மேலே ஜல்லிக் கான்கிரீட், அதற்கு மேல் சிமென்ட் பூச்சு. அடியில் விரிக்க வேண்டிய கனமான பாலிதீன் தாளைப் பெரும்பாலான மேஸ்திரிகள் விரிப்பதில்லை, வீட்டுக்காரரும் கேட்பதில்லை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. நிலத்தடி நீர் மேலே வருகிறது. கான்கிரீட்டின் மயிரிழைத் துளைகள் வழியே அது ஏறுகிறது. இதைத்தான் நம் பெரியவர்கள் ஓதம் என்றார்கள். திறந்த சிமென்ட் தரையில் ஏறிய ஈரம் ஆவியாகிப் போய்விடும். கொஞ்சம் உப்புப் பூக்கும், அவ்வளவுதான். எப்பாக்ஸி அந்த வழியை மூடிவிடுகிறது. ஏறுவது நிற்கவில்லை, போவது மட்டும் நின்றுவிட்டது.

பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய வேளச்சேரிப் பக்கத்தில், ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு இப்படியொரு தரையைக் குனிந்து பார்த்தேன். தூரத்தில் கண்ணாடிபோல் மின்னியது. கிட்டத்தில் உளுந்து அளவிலிருந்து ஐந்து ரூபாய் நாணய அளவுவரை கொப்புளங்கள். சாவி முனையால் ஒன்றைக் குத்தினால் பிசுபிசுப்பான நீர் கசிந்தது. கான்கிரீட்டின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு ஏறிய நீர் அது. சூடான டயர் நின்று எழும் இடங்களில் பூச்சு தகடாகப் பெயர்ந்து வந்திருந்தது. பெயர்ந்த ஓரங்களுக்கு அடியில் தூசி புகுந்து, ஈரத்தோடு சேர்ந்து, கரிய பூஞ்சை வரிசையாகப் படர்ந்திருந்தது. எதைத் தடுக்கப் பணம் கொடுத்தார்களோ அதற்கே ஒரு மறைவிடம் கட்டிக் கொடுத்தாயிற்று. பூசாத தரையில் வந்திருந்தால் தேய்த்துக் கழுவியிருக்கலாம். இங்கே பூச்சைப் பெயர்த்தெடுக்க மெஷின் வைத்து அரைக்க வேண்டும்.

'பூச்சிலேயே பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கிறதே' என்பார்கள். பூஞ்சை கான்கிரீட்டைத் தின்று வளர்வதில்லை. அதன் உணவு தரையில் படியும் தூசி, உதிர்ந்த இலை, எண்ணெய்ப் பிசுக்கு. புதுக் கான்கிரீட்டின் பிஎச் அளவு 12க்கு மேல் இருப்பதால் ஆரம்பத்தில் எதுவும் எளிதில் வளராது. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப்பட்டு மேற்பரப்பு 9 வாக்கில் இறங்கிய பிறகுதான் பாசியும் பூஞ்சையும் குடியேறுகின்றன. மருந்து பூச்சுக்குள் இருக்கிறது; உணவோ பூச்சின் மேல் படிகிறது. நாலு மாதத் தூசி படிந்து ஈரமும் சேர்ந்தால் அந்தத் தூசியிலேயே பூஞ்சை பிடிக்கும். இந்த மருந்துகள் நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து வெளிவந்தால்தான் வேலை செய்யும். அப்படிக் கரைவதாலேயே அவை தீர்ந்தும் போகும். கழுவக் கழுவக் குறையும் ஒன்றுக்கு 'நிரந்தரம்' என்று பெயர் வைப்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

கொப்புளம் வந்தால் ஒப்பந்தக்காரர்கள் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: தரையைச் சரியாக அரைக்கவில்லை, ப்ரைமர் சரியில்லை. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஈரம் தாங்கும் ப்ரைமர்கள் சந்தையில் இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் என் கண்ணில் பட்ட கொட்டேஷன்களில் அந்த வரி இல்லை. விலை கூடும், வேலை கைமாறிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். ஈரத்தை அளக்காமல் பூசிவிட்டு, கெட்ட பிறகு தரையைக் குற்றம் சொல்வதை என்னால் தொழில் என்று ஏற்க முடியவில்லை.

கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரையுள்ள திறந்தவெளித் தரைக்கு இந்தப் பூச்சு இன்னும் பொருந்தாது. எப்பாக்ஸி வெயிலில் மஞ்சளித்து, பொடியாக உதிரும். மழையில் வழுக்கும், வயதானவர்கள் நடக்கும் வாசலில் இது சின்ன விஷயமல்ல. அங்கே ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால் சிலேன்-சிலாக்சேன் வகைச் சீலர் மேல். அது மேலே படலமாக நிற்காமல் உள்ளே ஊறும். மழைநீரை உறிஞ்ச விடாது, உள்ளிருக்கும் ஆவி வெளியேறத் தடை சொல்லாது.

தரை உலர்வதற்குப் பணம் அதிகம் வேண்டாம். ஏசி குழாய்கள் பார்க்கிங் தரையில் சொட்டுவதை முதலில் வடிகாலுக்குத் திருப்புங்கள். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். சம்ப் கசிகிறதா என்று பாருங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் வாட்டத்தைச் சரிசெய்யுங்கள். இவற்றைச் செய்த பிறகு பல தரைகளுக்குப் பூச்சே தேவைப்படாது.

அதற்கும் மேல் பூசித்தான் ஆக வேண்டும் என்று சங்கம் முடிவெடுத்தால், செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலம் முடிந்த கையோடு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். ஏஎஸ்டிஎம் டி4263 என்ற சோதனை இதுதான். தாளைத் தூக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள்.